மூன்றாவது கை

கிள்ளானில் இன்னும் நாலைந்து கடைகளின் நெற்றியில் அப்பாவின் எழுத்து இருக்கிறது. ஒரு சைக்கிள் கடை, ஒரு முடிதிருத்தும் நிலையம், பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஒரு துணிக்கடை. சிவப்பு வெளுத்து ரோஸாகி, ரோஸும் வெளுத்துப் போய், எழுத்தின் ஓரக்கோடு மட்டும் மிஞ்சிய பலகைகள். அந்தப் பக்கம் கார் ஓட்டும்போது கூட வருகிறவர்களிடம் "இது எங்கப்பா எழுதினது" என்பேன். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கடை பின்னால் போய்விடும்.

எங்கள் தாமானில் அப்பாவை 'ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. "போர்டு எழுதறேன்" என்பார், அவ்வளவுதான். ஹொண்டா கப் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் மர ஏணியைக் கட்டி, முன்கூடையில் எனாமல் பெயிண்ட் டின்களை அடுக்கிக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கிளம்புவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். தகரத்துக்கு இரண்டு கோட் வெள்ளை அடித்துக் காயவிட்ட பிறகு, சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். நூலின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. ஒரே பெயரைப் பல இடங்களில் எழுத வேண்டியிருந்தால் காகிதத்தில் எழுத்தை வரைந்து, அதன் ஓரம் முழுக்க ஊசியால் குத்தி, பலகை மேல் வைத்துக் கரித்தூள் பொட்டணத்தால் தட்டுவார். புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கும்.

இந்த நாட்டில் கடைப் பலகைக்கு ஒரு கணக்கு உண்டு. தேசிய மொழி பெரிதாக இருக்க வேண்டும்; மற்ற மொழிகள் அதைவிடச் சிறிதாக. மலாய் வாசகத்தை டேவான் பஹாசா சரிபார்த்துக் கொடுத்தால்தான் நகராண்மைக் கழகத்தில் லைசென்ஸ் கிடைக்கும். ஆகவே தமிழுக்கு வாய்ப்பது அடியில் ஒரு முழ இடம். அந்த ஒரு முழத்தில் 'ஜவுளி மாளிகை' என்று கொம்பும் காலும் சுழியும் இடித்துக்கொள்ளாமல் உட்கார வைப்பதில்தான் ஆளின் கை தெரியும். "மலாய் எழுத்து நாற்காலி போட்டு ஒக்காந்துக்கும். தமிழுக்கு நாமதான் எடம் புடிச்சுக் குடுக்கணும்" என்பார்.

சீன எழுத்தும் எழுதுவார். ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. மருந்துக்கடைத் தௌகே பழைய செய்தித்தாளில் தூரிகையால் எழுதிக் கொடுப்பார். அப்பா அதன் மேல் கட்டம் போட்டு, பெரிதாக்கி, பலகையில் ஏற்றுவார். தௌகே கீழே நின்று பார்த்துச் சிரிப்பார். சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று ஒரு வரிசை இருக்கிறதாம். அப்பா கைக்கு எட்டிய கோட்டை முதலில் போடுவார். முடியும்போது எழுத்து சரியாகத்தான் வந்திருக்கும். மலாய்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஜாவியும் இதே கதைதான். வலமிருந்து இடமாகப் போக வேண்டிய எழுத்தை இடப்பக்கத்திலிருந்து வரைந்துகொண்டு வருவார்.

தமிழில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் பிறகு இங்கேயும் வந்து சேர்ந்தது. ணை, லை, ளை, னை எல்லாம் பழைய தும்பிக்கையை உதறிவிட்டு இன்றைய வடிவத்துக்கு மாறின. அப்பா அதற்கு முன்பே காப்பார் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் படித்து முடித்தவர். எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்த லையைத்தான் ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தார். "இப்ப புள்ளைங்க இப்படி எழுதறதில்லண்ணே" என்று கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லித்தான் மாற்றிக்கொண்டார்.

பிறகு கணினியில் பேனர் அச்சடிக்கும் கடைகள் வந்தன. அப்பாவின் மூன்று நாள் வேலை அங்கே ஒரு மணி நேரத்தில் சுருட்டிக் கையில் வந்தது. மிஞ்சியது கோயில் வேலைகளும், லோரிக் கதவில் வெற்று எடை, சுமை எடை எழுதும் வேலையும்தான். அந்த எண்களையும் அவர் நிழல் வைத்துத்தான் எழுதுவார். லோரிக்காரர்கள் அதற்குத் தனியாகக் காசு கொடுத்ததில்லை.

அம்மா அதற்கெல்லாம் முன்னாலிருந்தே முறுக்கு சுடுகிறார். தேங்காய்ப்பால் முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி. தீபாவளிக்கு மட்டும் என்று தொடங்கியது. இந்த ஊரில் சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முறுக்கு இல்லாமல் மேசை நிறையாது என்பதால் வருடத்துக்கு மூன்று தடவை அடுப்பு எரிந்தது. நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அம்மா அப்பாவிடம் வாசல் கேட்டில் மாட்ட ஒரு சின்னப் பலகை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "வீட்டுக்குள்ள சுடறதுக்கு எதுக்குப் போர்டு?" என்றார் அப்பா. ஊருக்கெல்லாம் பலகை எழுதியவரின் வீட்டில் பலகை கிடையாது. அம்மா இரண்டாவது முறை கேட்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. அப்பா ஏணியைக் கழுவி வைக்கும்போது ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார், அவ்வளவுதான்.

2019 பிப்ரவரியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும். வலது கைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு மொழி இருப்பது இடது பாதியில்தான். அஃபேசியா என்று டாக்டர் எழுதிக் காட்டினார். நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். திருப்பிச் சொல்ல வார்த்தை வராது. 'சரி', 'அடடா', அப்புறம் இங்கே எழுத முடியாத ஒரு கெட்ட வார்த்தை, இவை மூன்றும் தங்கின. ஒன்றிலிருந்து இருபதுவரை தடங்கல் இல்லாமல் எண்ணுவார். ஆனால் ஏழு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால் ஒன்றிலிருந்து ஏறி வந்துதான் ஏழைப் பிடிக்க வேண்டும். பழக்கத்தில் ஊறிய வரிசைகளும் பாட்டும் பிழைத்துக்கொள்ளும், தேவைக்கு எடுக்கிற சொல்தான் அகப்படாது என்று விளக்கினார்கள். எழுத்தும் போயிருந்தது. நாற்பது வருடம் எழுதியவருக்குத் தன் பெயரை எழுத வரவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு இளம் மலாய்ப் பெண். துணி கிளிப்புகளைக் கம்பியில் மாட்டச் சொல்வாள், மாவு மாதிரி ஒன்றைப் பிசையச் சொல்வாள். நான்காவது வாரம் இடது கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து "என்ன வேணும்னாலும் போடுங்க அங்கிள்" என்றாள். அப்பா இரண்டு நீளக் கோடுகளை இழுத்தார். கோணல்தான். பிறகு இரண்டுக்கும் நடுவில் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டுக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டார். பதினொன்றில் நிறுத்தினார். வீட்டுக்கு வந்து கொல்லையில் சாய்த்து வைத்திருந்த ஏணியை எண்ணிப் பார்த்தேன். பதினொரு படி.

என் தோழி ஒருத்தி சிங்கப்பூரில் லாசால் கலைக் கல்லூரியில் ஓவியச் சிகிச்சை படித்தவள். அங்கே 2006லிருந்து அதற்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. நான் உற்சாகமாகப் போன் செய்து "அப்பா ஆர்ட் தெரப்பி செய்யறாரு" என்றேன். அவள் உடனே, "அது ஆர்ட் தெரப்பி இல்லடி, கைக்குப் பயிற்சி" என்றாள். புத்தகக் கடையில் 'மன அமைதிக்கு' என்று விற்கிற வண்ணம் தீட்டும் புத்தகங்களும், சனிக்கிழமை மாலையில் ஆளுக்கொரு கேன்வாஸ் கொடுத்து வரையச் சொல்கிற கூட்டங்களும்கூட அது இல்லை என்று நீளமாகப் பேசினாள். பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். வரைகிறவருக்கும் அவருக்கும் இடையே வளர்கிற உறவு இருக்க வேண்டும். வரைந்தது வரைந்தவருக்குச் சொந்தம். அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது. பூட்டிய அலமாரியில் கோப்புப் போட்டு வைப்பார்களாம். இந்தக் கடைசி விஷயம் என் மனதில் தங்கிவிட்டது.

அவள் சொல்லித்தான் ஏட்ரியன் ஹில் பற்றித் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்து ஓவியர். முதல் உலகப் போரைப் போர்முனையிலிருந்தே வரைந்தவர். 1938இல் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்தபோது, படுக்கையில் கிடந்தபடியே எதிரில் இருப்பதை வரைய ஆரம்பித்தார். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 'ஆர்ட் தெரப்பி' என்ற பெயரை 1942இல் வைத்தவர் அவர்தான். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஒரு நோயாளி தன் பொழுதைப் போக்கக் கண்டுபிடித்த வழி அது. தோழியின் கறார் விதிகளைக் கேட்ட பிறகு இது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்னொருவர் ஈடித் கிராமர். வியன்னாவில் பிறந்து 1938இல் நியூயார்க்குக்குப் போனவர். அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் சிக்கலான பையன்களுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தார். அவர் 'மூன்றாவது கை' என்று ஒன்றைச் சொல்கிறார். வரைகிறவர் திணறும்போது சிகிச்சையாளரின் கை உதவிக்கு வர வேண்டும். ஆனால் அந்தக் கை தன் எண்ணத்தையோ தன் பாணியையோ வரைகிறவர் மேல் ஏற்றிவிடக் கூடாது. களிமண் உருவம் சரியப்போனால் தாங்கலாம். மூக்கைத் திருத்தக் கூடாது. இதைப் படித்தபோது நான் அடுப்படிப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே அம்மா மேசை மேல் காகிதத்தின் நான்கு மூலையிலும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒற்றைக் கையால் வரைகிறவருக்கு முதல் பிரச்சினை காகிதம் நகர்வது. மற்றக் கைதான் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. அம்மா அதற்கு டேப் ஒட்டினார். பெயிண்ட் கிண்ணம் சாயாமல் இருக்க அடியில் ஈரத்துணி வைத்தார். தூரிகையின் காம்பு அப்பாவின் இடது கைக்கு மெல்லியதாக இருந்ததால் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். செய்துவிட்டு அடுப்புக்குப் போய்விடுவார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். என்ன வரைந்திருக்கிறீர்கள் என்றும் கேட்கமாட்டார். நானும் தம்பியும்தான் "சூப்பர்ப்பா!" என்று கைதட்டிக்கொண்டிருந்தோம். அப்பா எங்களைப் பார்த்து "அடடா" என்பார். எந்த அர்த்தத்தில் என்று கண்டுபிடிக்க முடியாது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்பாவின் சிகிச்சைச் சந்திப்புகள் நின்றன. ஹோட்டலில் வேலை பார்த்த தம்பிக்கு முதலில் பாதிச் சம்பளம், பிறகு வேலையே இல்லை. என் டியூஷன் பிள்ளைகளில் பாதிப் பேர் திரைக்கு அந்தப் பக்கம் வரவில்லை. வீட்டுக் கடன் மட்டும் தேதி தவறாமல் வந்தது. அம்மாவின் முறுக்குதான் மிச்சம்.

தம்பி சும்மா இருக்கிறவன் இல்லை. இணையத்தில் சிறுதொழில் விளம்பர வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். முப்பது 'புதுமையான யோசனைகள்' கொண்ட ஒரு பட்டியலோடு வந்தான். நானும் படித்துப் பார்த்தேன். அதில் பாதி யோசனைகளின் செலவு ஒரு கிலோ நெய் விலையைத் தாண்டியது. மீதிப் பாதியை அம்மா பெயர் தெரியாமலே பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்தார். உடைந்த முறுக்கை விற்காமல் முடிதிருத்தும் கடையில் ஒரு டப்பாவில் வைத்துவிடுவது. முடி வெட்டக் காத்திருக்கிறவன் சும்மா இருப்பானா? சிவப்பு மூடி போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த தடவை ஒரு வெள்ளி குறைவு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எண்ணெய் காய வைக்கும் நேரம். காலையிலேயே மாவு தயாராகிவிடும், ஆனால் அடுப்பை மாலை ஐந்தரைக்குத்தான் மூட்டுவார். தாமான் முழுக்க ஆட்கள் வேலை முடிந்து பசியோடு கார் கதவைத் திறக்கிற நேரம். ஓமமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனையை மிஞ்சுகிற பேனரை எந்தக் கடையும் அச்சடித்ததில்லை.

ஆணைக் காலத்தில் அந்த மூக்குகளெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது எங்களுக்குச் சாதகம்தான். ஆனாலும் வாட்ஸ்அப்பில் எல்லாரும் முறுக்கு விற்க ஆரம்பித்திருந்தார்கள். அதே சிவப்பு மூடி, அதே இருபது வெள்ளி. எது யாருடையது என்று தெரியாது. அப்போதுதான் அம்மா, அப்பா வரைந்து போட்டிருந்த காகிதங்களில் ஒன்றைச் சதுரமாக வெட்டி, ஓட்டை போட்டு, சணல் கயிற்றில் கோத்துப் போத்தல் கழுத்தில் கட்டினார். கட்டுவதற்கு முன் அப்பாவிடம் காட்டினார். "இத கட்டட்டுமாங்க?" அப்பா பார்த்தார். "சரி" என்றார். இந்தச் 'சரி'க்கு அர்த்தம் சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் அடுத்ததைத் தானே எடுத்து நீட்டினார்.

அந்தச் சீட்டுகளில் பெரும்பாலும் ஏணிதான். சில சமயம் ஏணியில் ஒரு காக்கா. சில சமயம் சாய்ந்த மோட்டார் சைக்கிள். வாடிக்கையாளர்கள் குழம்பிப்போனார்கள். "முறுக்குல எதுக்கு ரயில் தண்டவாளம்?" என்று மேரு பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டார். "கடவுள் சிவனோட பட்டையா?" என்று ஒருவர். பிள்ளைகள் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். காக்கா உள்ள சீட்டுக்கு மதிப்பு அதிகம் என்று பின்னால் தெரிந்தது. நாளுக்கு ஆறேழு சீட்டுதான் வரும், போத்தல்களோ இருபதுக்கு மேல். சீட்டு இல்லாமல் போனவர்கள் அடுத்த தடவை கேட்டு வாங்கினார்கள். தம்பி பட்டியலைத் திறந்து பதினான்காவது யோசனையைக் காட்டினான்: கிடைப்பதைக் குறை, தேடல் கூடும். அவன் கண்ணில் ஒளி தெரிந்தது.

தம்பியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த மாதம் மின்சாரக் கட்டணத்தைத் தன் மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டியவன் அவன். வகுப்பில் 'கதை சொல்லுங்கள், கதைதான் விற்கும்' என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் கதை கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. பக்கவாதத்தில் வலது கையை இழந்த போர்டு ஆர்ட்டிஸ்ட், இடது கையால், மனைவியின் முறுக்குக்கு. தலைப்பு, பாட்டு எல்லாம் தயார் செய்துவிட்டு ஒரு நாள் அப்பா வரையும்போது போனை நீட்டிப் படம் பிடித்தான். கையை, தூரிகையை, பிறகு மெதுவாக முகத்தை. கோணிய வாய்ப்பக்கம் போன் நெருங்கியபோது அப்பா தூரிகையை வைத்துவிட்டு, நீலப் பெயிண்ட் படிந்த உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்து அப்படியே அழுத்தினார். எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் இருந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

பத்தொன்பது நாள் அவர் வரையவில்லை. அம்மா தினமும் காகிதத்தை ஒட்டி வைப்பார், மாலையில் வெள்ளையாகவே பிரித்தெடுப்பார். தம்பி சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்து, "எல்லாருக்காகவும்தானம்மா செஞ்சேன்" என்றான். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "பாவம்னு வாங்கறவங்க ஒரு தடவதான்டா வாங்குவாங்க. முறுக்கு நல்லாருந்தா மறுபடி வருவாங்க" என்றார். விளம்பரத் துறையில் இருப்பவர்கள் இதை மறுக்கலாம். நிதி திரட்டும் பதிவுகளில் அழுகைக்குக் கிடைக்கிற வரவேற்பை நானும் பார்க்கிறேன். ஆனால் அம்மா பேசியது வியாபாரம் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

இருபதாம் நாள் அம்மா இரண்டு பிஸ்கட் டின்களைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். நீல டின் வட்டம், சிவப்பு டின் சதுரம். "இந்தச் செவப்புல போட்டா போத்தலுக்கு. இந்த நீலத்துல போட்டா உங்களுக்கு. யாரும் தொறக்க மாட்டோம்." இரண்டு முறை சொன்னார், கையால் காட்டியும் சொன்னார். அப்பா நீல டின்னின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஒரு சீட்டு வரைந்து அதற்குள் போட்டார். மறுநாளும் நீலம். நான்காம் நாள் சிவப்பில் ஒரு காக்கா விழுந்தது.

தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அலமாரிப் பூட்டு ரொம்ப வெல" என்றாள். பிறகு வழக்கம்போல, "ஆனா இதுவும் ஆர்ட் தெரப்பி இல்ல" என்றாள். காசு யாருக்குப் போகிறது என்றும் கேட்டாள். நல்ல கேள்வி. அம்மா ஒரு சீட்டுக்கு ஐம்பது காசு என்று மைலோ டின்னில் போட்டு வைப்பார். அப்பா அதில் நாலு நம்பர் எடுப்பார். எண்களை அவரே வரைந்து தம்பியிடம் கொடுப்பார், நிழலோடு. இன்றுவரை ஒன்றும் அடித்ததில்லை.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14. இரண்டு வாரம் முன்பிருந்தே வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. சீட்டில் விலையையும் போட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று அம்மா நினைத்தார். தம்பி 'விலை 20 வெள்ளி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அப்பா முன்னால் ஒட்டினான். அப்பாவுக்கு எழுத வராது, பார்த்து வரைய வரும். முன்பு சீனத்தை வரைந்த மாதிரி இப்போது தமிழை வரைந்தார். எந்தக் கோடு முதலில் என்ற கவலையெல்லாம் இல்லை. 'வி'யின் கொக்கியைப் போட்டுவிட்டு உடலுக்கு வருவார். நாற்பது நாற்பத்தைந்து சீட்டுகள் சிவப்பு டின்னில் சேர்ந்தன. நான் கயிறு கோத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு சீட்டில் கை நின்றது. அதில் 'லை' வேறு மாதிரி இருந்தது. முன்னால் தும்பிக்கை தூக்கியிருந்தது.

ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அதில் சாதாரண லைதான். பார்த்து வரைந்திருந்தால் தும்பிக்கை வர வழியே இல்லை. அது காகிதத்திலிருந்து வரவில்லை, தோட்டப் பள்ளியிலிருந்து வந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கையெல்லாம் மாவு, தொடாமல் குனிந்து பார்த்தார். "எங்க காலத்து லை" என்றார். அப்பாவிடம் ஓடிப்போய் வெற்றுக் காகிதத்தைக் கொடுத்து, "அப்பா, விலை, எழுதுங்க, விலை" என்றேன். அவர் முயன்றார். 'வ' மாதிரி ஒரு வளைவு வந்து அதோடு நின்றது. "அடடா" என்றார். இந்தத் தடவை அர்த்தம் புரிந்தது. தோழியும் ஒரே எழுத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்றாள். சரிதான். அதன் பிறகு மூன்று நாலு தடவை அந்த லை வந்திருக்கிறது, கேட்காதபோது மட்டும்.

அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அது சிவப்பு டின்னில் விழுந்த சீட்டு. கட்டி அனுப்பினோம். தீபாவளிக்கு மறுநாள் வாங்கியவர் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தமிழாசிரியையாம். 'முறுக்கு அருமை. விலை என்பதில் எழுத்துப் பிழை உள்ளது, கவனிக்கவும்.' அம்மா குரல் பதிவில் பதில் சொன்னார்: "அது பிழை இல்லம்மா, பழசு." ஆசிரியை அதற்கு ஒன்றும் எழுதவில்லை. பொங்கலுக்கு ஐந்து போத்தல் எடுத்தார்.

தம்பிக்கு இப்போது மறுபடியும் ஹோட்டல் வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் வியாபாரத்தை விடவில்லை. வீட்டுத் தொழிலுக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டான், பலகை மாட்டலாம். அப்பாவின் ஏணியை வைத்து, உள்ளே விளக்கு எரிகிற மாதிரி ஒரு பலகைக்கு மாதிரி வரைந்து அச்சடித்துக்கொண்டு வந்தான். மலாய் பெரிதாக, தமிழ் சின்னதாக, எல்லாம் சட்டப்படி. நன்றாகவே இருந்தது. அம்மாவிடம் காட்டினான். எத்தனையோ வருடத்துக்கு முன் கேட்டது இப்போது வருகிறதே என்று நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துகளைப் படித்தார். "ஏணி அவரோடது. அவரக் கேட்டுக்க" என்றார்.

அப்பா மாதிரியை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏணியின் படிகளை விரலால் தொட்டு எண்ணினார். ஒன்பதில் முடிந்துவிட்டது, தம்பிக்கு இடம் பற்றவில்லை. காகிதத்தை மேசையில் வைத்து, ஒற்றைக் கையால் நிதானமாக நாலாக மடித்து, நீல டின்னுக்குள் போட்டு மூடினார்.

தம்பி கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை யாரும் திறப்பதில்லை என்பதால் மாதிரி போனது போனதுதான். இப்போது முறுக்குப் பிழியும் அச்சை வைத்து வேறொன்று போட்டுக்கொண்டிருக்கிறான்.